பிடி அரிசியும் பொதுப் பண்டகசாலையும்

பசிப்பிணியைப் பாடிய புலவர்கள் தமிழில் பலர். பசியைப் பற்றி முழங்கிய மேடைகள் அதனினும் பல. ஆயினும், வருவாய் நின்றுபோன ஒரு குடும்பத்தில் மாதம் முழுவதும் அடுப்பு எரிய வேண்டுமானால் என்னென்ன பொருள் வேண்டும், எவ்வளவு வேண்டும், அதனை யார் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. உணர்ச்சிக்குத் தந்த இடத்தில் ஒரு பகுதியையேனும் கணக்குக்கும் தந்தால் நன்று. இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. அறிவியல் பயிலும் மாணவர் எழுதுவதாதலின் எண்கள் இடையிடையே வரும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூவகை உதவி

ஏழை எளியவருக்கு உணவு வழங்கும் முறைகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம். முதலாவது அன்னதானம். திருவிழா நாளிலோ, பெரியோர் நினைவு நாளிலோ ஒரு வேளை வயிறார இடுவது. இரண்டாவது பொதுச் சமையற்கூடம். நாள்தோறும் ஓரிடத்தில் சமைத்து, இலவசமாகவோ சிறு விலைக்கோ வழங்குவது. மூன்றாவது உணவுப் பண்டகசாலை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு முதலிய சமையற் பொருள்களைப் பலரிடமிருந்தும் திரட்டி, ஓரிடத்தில் சேமித்து, தேவையுள்ள குடும்பங்களுக்கு வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் அளந்து தருவது. ஊதியம் பெறாத தொண்டர்களே இதனை நடத்துவர்.

இம்மூன்றில் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதன்று. அடுப்பே இல்லாதவருக்கு, நடைபாதையில் உறங்குவோருக்கு, வழிப்போக்கருக்குச் சமைத்த சோறுதான் வேண்டும். ஆனால் கூரையும் அடுப்பும் உள்ள குடும்பத்தின் நிலை வேறு. அங்கே இல்லாதது உலையில் இடும் பொருள் மட்டுமே. அதைக் கொடுத்துவிட்டால் தாய் தன் வீட்டில் சமைப்பாள். குழந்தை தன் வீட்டில் தன் தட்டில் உண்ணும். நாள்தோறும் தெருவில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மற்றொரு காரணமும் உண்டு. சோற்றைச் சமைத்து வெப்பக் காலத்தில் பல மணி நேரம் வெளியே வைத்தால், கொதியிலும் சாகாத சில நுண்ணுயிர்களின் வித்துக்கள் அதில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு போவதில்லை. அரிசியாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

பழைய வேர்கள்

பண்டகசாலை என்ற ஏற்பாடு மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதலாம். நம் தாய்மார் இதனை நெடுங்காலமாக அறிவர். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்கோ, பள்ளிக்கோ, பசித்தவர்க்கோ போகும். பிடி அரிசி என்று நாம் சொல்வதை வங்காளத்தார் 'முஷ்டி பிக்ஷா' என்பர். மிசோரத்து மலையூர்களில் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியைத் தம் திருச்சபைக்கென ஒதுக்கும் 'புஃபாய் தாம்' என்ற வழக்கம் நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது. மொழி வேறு, சமயம் வேறு, மலை வேறு, சமவெளி வேறு, பிடி ஒன்றே.

இம்முறையின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவருக்கு ஒரு பிடி பெரிதன்று. ஆனால் அது நாள்தோறும் விழுகிறது. நூறு வீட்டிலும் விழுகிறது. சிறிதளவும் இடைவிடாமையும் சேர்ந்தால் பேரளவு பிறக்கும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபியை நாம் அனைவரும் அறிவோம். எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்தைவிட, அதைக் கொண்டு மணிமேகலை செய்த செயல்தான் நமக்குப் பாடம். முதற் பிச்சையை ஆதிரையிடம் பெற்றாள். காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தாள். பின்னர் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்கினாள். அதாவது, ஈகைக்கு ஓர் இடமும் ஓர் ஒழுங்கும் வேண்டும் என்று கண்டாள். 1867இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோதும் இதே கருத்துத்தான் செயல்வடிவம் பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நம்மிடம் அமுதசுரபி இல்லை. நம் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையும். ஆகவே, அதை நிரப்பும் வழியையும் அளக்கும் முறையையும் நாம் கற்க வேண்டியவர்களாகிறோம்.

கல்கத்தா கற்ற பாடம்

இந்தப் பாடத்தைக் கொடிய விலை கொடுத்துக் கற்ற நகரம் நாம் வாழும் கொல்கத்தா. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் இறந்தவர் தொகையைப் பஞ்ச விசாரணைக் குழு ஏறத்தாழ 15 இலட்சம் என்றது; பிற்கால ஆய்வாளர் பலர் அதன் இருமடங்கு, 30 இலட்சம் வரை, என்று கணக்கிட்டனர். சிற்றூர்களை விட்டு வந்த மக்கள் கல்கத்தாவின் தெருக்களில் வீட்டுக்கு வீடு நின்று, 'ஃபேன் தாவ், மா' என்று இரந்தனர். 'வடிகஞ்சி கொடுங்கள், அம்மா' என்பது அதன் பொருள். சோறு கேட்கவும் துணியாமல், சோற்றை வடித்த நீரைக் கேட்டனர்!

அரசும், தொண்டு நிறுவனங்களும், கட்சிகளும், மாதர் சங்கங்களும் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தன. வங்காளத்தார் அவற்றை 'லங்கர்கானா' என்றனர். அவ்வாண்டு இறுதியில் மாகாணம் எங்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கஞ்சித் தொட்டிகள் இயங்கின. இருந்தும் சாவு நிற்கவில்லை. காரணம் என்ன? உதவி காலம் கடந்து வந்தது. கிடைத்த கூழ் உயிரைத் தாங்கப் போதவில்லை. அக்கூழையும் பெற வீட்டையும் ஊரையும் விட்டு வர வேண்டியிருந்ததால் குடும்பங்கள் சிதறின. பசித்தவனைத் தேடி உணவு செல்லாமல், உணவைத் தேடிப் பசித்தவன் நடக்க வேண்டியிருந்தது.

அந்நாளில் சாந்திநிகேதனத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவன் பாட்டனார் ஓர் அனுமதி தந்தார். வாயிலில் வந்து கேட்போருக்குச் சிகரெட் தகர டப்பாவில் அரிசி நிரப்பிக் கொடுக்கலாம்; ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு டப்பா தான். அச்சிறுவனே பின்னாளில் பொருளியலில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென். பஞ்சம் என்பது நாட்டில் உணவே இல்லாமையால் மட்டும் வருவதன்று, இருக்கும் உணவைப் பெறும் ஆற்றலை மக்கள் இழப்பதாலும் வருவது என்று 1981இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கினார். பண்டகசாலையின் தேவைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. கடையில் அரிசி குவிந்திருக்கும்போதே பக்கத்துச் சந்தில் உலை கொதியாமல் இருக்கலாம்.

ஐந்து கிலோவின் கணக்கு

இக்காலத்தில் ரேஷன் கடை இருக்கிறதே, பண்டகசாலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. மிக வறிய அந்தியோதயக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றியே வழங்கப்படுகிறது. இது பேருதவி. இதனைக் குறைத்துக் கூறுதல் தகாது.

ஆனால் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 கிலோவை 30 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம். 100 கிராம் அரிசி தரும் ஆற்றல் சுமார் 350 கிலோகலோரி. ஆகவே ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 580 கிலோகலோரி. நடுத்தர உழைப்புடைய ஆணுக்கு நாளொன்றுக்கு 2,710 கிலோகலோரியும், பெண்ணுக்கு 2,130 கிலோகலோரியும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. எனவே ரேஷன் தானியம் தேவையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையே நிரப்புகிறது. மீதியை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

ஆற்றல் மட்டுமன்று, தரமும் உண்டு. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். நம் சாம்பார்ச் சோறும் வங்காளத்தார் 'டால் பாத்'தும் இந்த இரசாயனத்தை ஆய்வுக்கூடம் இன்றியே கண்டறிந்தவை. வருவாய் குறைந்த வீட்டில் முதலில் மறைவது சோறன்று, பருப்பு. பிறகு எண்ணெய், பிறகு காய்கறி. வளரும் குழந்தைக்கு அந்த இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. உயரத்திலும் எடையிலும் பின்னரே தெரியும்.

ஆகவே, பண்டகசாலை அரிசியை மட்டும் குவிப்பது அறிவுடைமை ஆகாது. ரேஷன் தராத இடத்தை அது நிரப்ப வேண்டும். மைசூர்ப் பருப்பு விரைவில் வேகும்; எரிபொருளும் மிச்சம். வங்காளத்தார் விரும்புவதும் அதுவே. எண்ணெய் என்றால் கடுகெண்ணெய். நம் நல்லெண்ணெயை இங்கே கொண்டுவந்து தருவதில் பயனில்லை. உப்பு அயோடின் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். அரிசி தர நேர்ந்தால் புழுங்கலரிசியே தக்கது. 'சித்தோ சால்' என்று இவர்கள் உண்பதும், நம் ஊரில் புழுங்கலரிசி என்று நாம் உண்பதும் ஒன்றுதான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிமணியின் உள்ளே சென்று தங்குகிறது. தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

பிற நாடுகளிலும் நம் நகரிலும்

இக்காலப் பண்டகசாலை இயக்கத்தின் தொடக்கம் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், 1967ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஜான் வான் ஹெங்கல் என்பவர் இலவச உணவுக்கூடம் ஒன்றில் தொண்டராக இருந்தார். கடைகள் ஒதுக்கிய உணவைக் குப்பையிலிருந்து பொறுக்கித் தன் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயை அவர் கண்டார். வங்கியில் பணம் போடுவதும் எடுப்பதும் போல உணவைப் போடவும் எடுக்கவும் ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அவ்வாறு பிறந்தது. அதுவே உணவு வங்கி எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. 2021 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் நாட்டின் கேசோன் நகரில், அன்னா பட்ரீசியா நான் என்ற இளம்பெண் மூங்கில் வண்டி ஒன்றில் சிறிது காய்கறியும் அரிசியும் வைத்து, இயன்றதைக் கொடுங்கள், தேவையானதை மட்டும் எடுங்கள் என்று எழுதி வைத்தார். சில நாளிலேயே நாடெங்கும் அத்தகைய வண்டிகள் தோன்றின.

கொல்கத்தாவில் 2017இல் உணவகம் ஒன்றின் வாயிலில் கண்ணாடிக் கதவுள்ள குளிர்ப்பெட்டி வைக்கப்பட்டது. மிஞ்சிய நல்ல உணவை எவரும் அதில் வைக்கலாம், பசித்தவர் எவரும் எடுக்கலாம். 2020 மார்ச் 25ஆம் நாள் தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு, கூலி வேலை செய்வோரின் வருவாயை ஒரே இரவில் நிறுத்தியது. அடுத்த மாதமே யாதவபூரில் இடதுசாரிக் கட்சித் தொண்டர்கள் 'சிரமஜீவி கேண்டீன்' என்ற சமையற்கூடத்தைத் தொடங்கினர். 20 ரூபாய்க்கு ஒரு சாப்பாடு. பின்னர் வேறு பல இடங்களிலும் அப்பெயரில் கூடங்கள் எழுந்தன. 2021 பிப்ரவரியில் மாநில அரசு 'மா' கேண்டீன்களைத் தொடங்கி, 5 ரூபாய்க்குச் சோறு, பருப்பு, காய்கறி, முட்டைக் கறி வழங்கியது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தை இவை நமக்கு நினைவூட்டும்.

இந்த 20 ரூபாயும் 5 ரூபாயும் சிந்திக்கத் தக்கவை. அவை செலவை ஈடுகட்டா. ஆயினும், விலை கொடுப்பவர் இரப்பவர் அல்லர், வாடிக்கையாளர். அந்த நிமிர்வுக்கு ஒரு மதிப்பு உண்டு.

நடத்தும் முறை

பண்டகசாலையின் வேலை நான்கு: திரட்டல், பிரித்தல், காத்தல், வழங்கல். திரட்டும்போது வேண்டிய பொருளின் பட்டியலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லையேல், வீட்டில் வேண்டாததெல்லாம் வந்து சேரும். பிரிக்கும்போது நாள் கடந்தவற்றை இரக்கமின்றி ஒதுக்க வேண்டும். நாம் உண்ணத் துணியாததைப் பிறருக்குத் தருதல் அறமன்று. எண்ணெயில் சிறப்பாக எச்சரிக்கை வேண்டும். 1988இல் பெஹாலாவில் நச்சுப் பொருள் கலந்த சமையல் எண்ணெயை உண்ட நூற்றுக்கணக்கானோர் கை கால் செயலிழந்தனர். ஆகவே முத்திரை உடையாத உறையில் உள்ள எண்ணெயையே ஏற்க வேண்டும்.

காத்தலில் கொல்கத்தாவின் மழைக்காலமே பெரும் பகை. தானியத்தின் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்குக்கு மேற்போனால் பூஞ்சணம் பற்றும், வண்டு பெருகும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பதும், சுவரிலிருந்து தள்ளி வைப்பதும், முன்னே வந்ததை முன்னே கொடுப்பதும் எளிய விதிகள். இவற்றைக் கடைப்பிடிக்கப் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை.

வழங்கலே கடினமானது. எவருக்கு என்ற வினா எழும்போது தொண்டர் நீதிபதி ஆகிவிடும் அபாயம் உண்டு. பத்துச் சான்று கேட்டால், மிக வறியவரே முதலில் திரும்பிப் போவார். அவரிடந்தான் சான்று இராது. ஒன்றுமே கேளாவிட்டால் பொருள் ஒரே நாளில் தீரும். குடும்பத்தில் எத்தனை பேர், சிறு குழந்தை உண்டா, ரேஷன் அட்டை உண்டா என்ற மூன்று கேள்வி போதும் என்பது என் கருத்து. பெறுபவரைப் படம் எடுத்துப் பரப்புதல் கூடவே கூடாது. ஒரு கிலோ பருப்புக்கு ஒருவரின் முகத்தை விலையாகக் கேட்பது முறையோ? கணக்கை மட்டும் வெளிப்படையாக எழுதி ஒட்ட வேண்டும். வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு, இருப்பு இவ்வளவு.

அரசின் கடமை அன்றோ?

பசி தீர்த்தல் அரசின் கடமை. மாணவர் இதில் தலையிட்டால் அக்கடமையிலிருந்து அரசு நழுவும் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. பண்டகசாலை ரேஷன் கடைக்கு மாற்றாக நிற்குமானால் அது தவறே. அதன் சிறந்த பணி, உரிமை உள்ளவரை உரிமையிடம் கொண்டு சேர்ப்பது. அட்டை இல்லாத குடும்பத்துக்கு ஒரு மாதப் பருப்பைத் தருவதோடு, அட்டைக்கான விண்ணப்பத்தையும் நிரப்பித் தந்தால், ஆண்டு முழுவதும் தானியம் வரும். ஒரு நாடு ஒரு ரேஷன் அட்டை என்ற ஏற்பாட்டில் மேற்கு வங்கமும் 2021இல் சேர்ந்தது. பிற மாநிலத்து அட்டை உடையவர் இங்கும், இம்மாநிலத்தார் பிற இடங்களிலும் தம் பங்கைப் பெற வழி உண்டு. இதை அறியாத தொழிலாளர் எத்தனையோ பேர். படிவம் நிரப்பும் கல்வி நம்மிடம் இருக்கிறது. அதையும் ஒரு பிடி அரிசியாகக் கருதலாம்.

இது நமக்கு ஏன் உரியது? நாம் இங்கே வேற்றூரார். திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் ஆலைகளிலும் கட்டடங்களிலும் உழைக்கும் வங்காளத் தொழிலாளர் அங்கே வேற்றூரார். 2020இன் ஊரடங்கில் அவர்களுள் பலர் கூலியின்றித் தமிழ்நாட்டில் தங்க நேர்ந்தது. மருத்துவத்துக்காக வேலூருக்குச் சென்ற வங்காளத்தாரும் அங்கே சிக்கிக்கொண்டனர். அயலூரில் பசிப்பவனுக்கு அட்டை இராது, கடனுக்குத் தரும் கடை இராது, பேச மொழியும் இராது. இந்நிலையை நம்மினும் நன்கு உணர வல்லவர் யார்?

நாம் செய்யத்தக்கது

நம் சங்கத்தின் முன் ஒரு சிறு திட்டத்தை வைக்கிறேன். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் பருப்பு என்றால் மாதம் 3.6 கிலோ. ஒரு பிடியை 40 கிராம் என்று கொள்வோம். 30 மாணவர் 30 நாள் ஆளுக்கு ஒரு பிடி ஒதுக்கினால் 36 கிலோ. பத்துக் குடும்பங்களின் ஒரு மாதப் பருப்பு அது! விடுதியில் உண்ணும் நமக்கு உலையும் இல்லை, கலயமும் இல்லை. ஆகவே அந்தப் பிடியின் விலையை மாதத் தொடக்கத்தில் ஓரிடத்தில் செலுத்தலாம். பருப்பைச் சில்லறையில் வாங்காமல் மூட்டையாக வாங்கினால் விலையும் குறையும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எண்ண வேண்டும். மாணவர் தொண்டின் பலவீனம் தேர்வும் விடுமுறையும். பூஜை விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்வோம்; பசி விடுமுறை எடுப்பதில்லை. தேர்வு மாதத்தில் யார் பூட்டைத் திறப்பது, விடுமுறைக்கு முன் இரண்டு மாதப் பங்கைச் சேர்த்துத் தருவது எப்படி, படிப்பு முடித்துச் செல்பவர் யாரிடம் சாவியை ஒப்படைப்பது என்பவற்றை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். நூறு குடும்பங்களுக்கு மூன்று மாதம் கொடுத்துக் கதவை மூடுவதைவிட, பத்துக் குடும்பங்களுக்கு மூன்றாண்டு கொடுப்பது மேல். நம்பியிருந்த வாயில் ஒருநாள் திறவாமற் போனால், அன்று அவ்வீட்டில் உலை ஏறாது.

வரும் பொங்கல் விழாவுக்கு வழக்கம்போல் பொருள் திரட்டுவோம். அக்கூட்டத்திலேயே முப்பது பெயர்களையும் திரட்டிவிடுவோமா? ஒரு பதிவேடு, ஒரு தராசு, உலர்ந்த ஓர் அறை, ஒரு பூட்டு. தொடங்குவதற்கு இவை போதும், நண்பர்களே.